எமர்ஜென்சிப் பொத்தான்

என் தங்கை கனடாவில் ஒட்டாவா நகரத்தில் குடியிருக்கிறாள். 2023 ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். கூடத்துச் சுவரில், வீட்டின் உஷ்ணத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு பெட்டி. அதில் 'எமர்ஜென்சி ஹீட்' என்றொரு பொத்தான் இருந்தது. எழுபது வயதுத் தாயார் இரண்டு கம்பளிக்குள் நடுங்குவதைவிடப் பெரிய எமர்ஜென்சி உலகத்தில் உண்டா? யாரிடமும் சொல்லாமல் அமுக்கிவிட்டேன். அம்மா நன்றாகத் தூங்கினாள். எனக்கும் ஒரு பெருமிதம்.

மாதக் கடைசியில் மின்சார பில் வந்தது. மாப்பிள்ளை அதை இரண்டு தரம் படித்தார். எழுந்துபோய்ப் பெட்டியைப் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை, உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

ஃபிரிஜ்ஜின் முதுகில் கை வைத்தால் சுடுகிறதல்லவா? உள்ளே இருக்கும் உஷ்ணத்தை வாங்கி வெளியே தள்ளுகிறது அது. ஹீட் பம்ப் அதையே திருப்பிச் செய்கிறது. வெளிக்காற்றின் உஷ்ணத்தை வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது. மைனஸ் 5 டிகிரிக் காற்றில் என்ன உஷ்ணம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது. உஷ்ணத்தை உண்டாக்காமல் சுமந்து மட்டும் வருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். துணைக்கு வைத்திருக்கும் மின்சாரச் சுருளோ வெந்நீர் ஹீட்டர் மாதிரி. ஒன்று கொடுத்தால் ஒன்றுதான். குளிர் ஏற ஏறப் பம்ப்புக்கு மூச்சு வாங்கும். வீடும் முன்னிலும் வேகமாகச் சூட்டை இழக்கும். ஈடுகொடுக்க முடியாத கட்டத்தில் சுருள் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். நான் அமுக்கிய பொத்தான் பம்ப்பை அடியோடு நிறுத்திவிட்டுச் சுருளை மட்டும் எரிய விடுவது. பம்ப் பழுதானால்தான் அதற்கு வேலை. அந்த ஜனவரியில் குளிர் அப்படியொன்றும் கடுமையில்லை.

"அத்தைக்குக் குளிர்ந்தால் இரண்டு டிகிரி கூட்டி அப்படியே விட்டுவிடலாம். ராத்திரி குறைத்துக் காலையில் ஒரேயடியாக ஏற்றினால்தான் சுருள் ஓடி வரும்" என்றார். நியாயமான பேச்சு. அடுத்த அறையில் அம்மா கேட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது பில் தொகை மட்டும்தான் என்று நினைக்கிறேன். அன்று முதல் குளிர்கிறது என்று அவள் சொல்லவேயில்லை. "எனக்கென்னடா, புழுக்கமாகவே இருக்கிறது" என்பாள். கைகளை மட்டும் புடவைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்திருப்பாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஓர் இரவு மைனஸ் 30-ஐத் தாண்டிற்று. தண்ணீர் குடிக்க எழுந்த நான், இருட்டில் பெட்டியின் முன்னால் யாரோ நிற்பதைக் கண்டேன். அம்மா! 21-ல் இருந்ததை 16-க்கு இறக்கிக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளாக இதே வேலையாம். காலையில் மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் திரும்ப ஏற்றிவிடுவார். சுருள் ஓடி வரும். சிக்கனம் எங்கே போயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையும் வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"அத்தை, இன்றைக்குச் சுருள் எரிய வேண்டிய ராத்திரிதான். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறது. நீங்கள் போய்ப் படுங்கள்."

அம்மா நாலடி நடந்து திரும்பினாள்.

"அப்படியானால் நாளைக்குக் குறைத்துக்கொள்ளலாமா, மாப்பிள்ளை?"