ஒரு கோடா, இரு கோடா?

பௌதிக ஆய்வுக்கூடப் பதிவேட்டில் நான் எழுதிய ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெரிய பொய் அன்று. இரண்டு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒன்று என்று எழுதினேன், அவ்வளவே.

ஹைட்ரஜன் விளக்கின் நிறமாலையை அளப்பதே அன்றைய சோதனை. தொலைநோக்கியைச் சிவப்புக் கோட்டின்மேல் திருப்பினேன். கோடு இரண்டாகப் பிளந்தாற்போல் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், அப்போதும் இரண்டு! பாடப்புத்தகத்திலோ 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள ஒரே கோடுதான். புத்தகம் பொய் சொல்லுமா? கருவிதான் பழுது என்று முடிவு கட்டி, இரண்டுக்கும் நடுவே ஓர் அளவெடுத்து எழுதிவிட்டேன்.

பதிவேட்டைத் திருத்திய ஆசிரியர், எத்தனை கோடுகள் கண்டாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, விளக்கின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கச் சொன்னார். ஹைட்ரஜனோடு டியூட்டீரியமும் கலந்தது என்றிருந்தது.

டியூட்டீரியம் ஹைட்ரஜனின் உடன்பிறப்பு. இரண்டிலும் ஒரே எலக்ட்ரான், கருவில் ஒரே மின்னூட்டம். கருவின் எடை மட்டும் ஏறக்குறைய இருமடங்கு. எடைக்கும் நிறத்துக்கும் என்ன உறவு? நண்பர்களே, சிறு வயதில் சுற்றிய தட்டாமாலையை நினைத்துப் பாருங்கள். அண்ணனும் சின்னத் தங்கையும் கைகோத்துச் சுற்றினால் அவள் பெரிய வட்டம் போடுகிறாள். ஆனால் அண்ணனும் சும்மா நிற்பதில்லை, சிறு வட்டம் போடுகிறான். கருவும் அப்படித்தான். எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனமான புரோட்டானும் சிறிது அசைகிறது. டியூட்டீரியத்தின் கருவோ அதில் பாதிதான் அசைகிறது. அதனால் அங்கே எலக்ட்ரானின் பிணைப்பு ஒரு துளி இறுகி, அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம் குறைந்து 6561 ஆகிறது. அதனினும் கனத்த டிரிஷியத்தில் இன்னும் சிறிது குறையும்.

1931இல் டியூட்டீரியத்தையே காட்டிக்கொடுத்தது இந்த இடைவெளிதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரேயும் ஜார்ஜ் மர்ஃபியும் சாதாரண ஹைட்ரஜனைப் படமெடுத்த தகட்டில் மங்கலான துணைக்கோடுகளைக் கண்டனர். கருவியின் குறையால் எழுந்த போலிக்கோடுகளோ என்ற ஐயம் அவர்களுக்கும் வந்தது. ஆனால் அவர்கள் ஐயத்தைச் சோதித்துப் பார்த்தனர். பெர்டினண்ட் பிரிக்வெடே திரவ ஹைட்ரஜனை ஆவியாக்கி, எஞ்சியதை அனுப்பினார். கனத்த அணுக்கள் மிகுந்த அந்த வாயுவில் துணைக்கோடுகள் முன்னினும் பளிச்சிட்டன. போலியாயின் வளர்ந்திருக்குமா? 1934இல் யூரேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர்களுக்கு வந்த ஐயமே எனக்கும் வந்தது. அவர்கள் இன்னொரு முறை பார்த்தார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். வேற்றுமை அதில்தான்.

மறுநாள் சென்று இரண்டு கோடுகளையும் தனித்தனியே அளந்தேன். இடைவெளி 2 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பழைய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடிட்டு, அப்படியே வைத்திருக்கிறேன்.