நிச்சயத்திற்கும் திருமணத்திற்கும் நடுவே எத்தனை நாள்?

திருமணம் என்றதும் நாள் பார்ப்பது நம் மரபு. காலமறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தவர் வள்ளுவர். ஆனால் முகூர்த்த நாளை அவ்வளவு கவனமாகப் பார்க்கும் நம் பெரியோர், நிச்சயதார்த்தத்திற்கும் முகூர்த்தத்திற்கும் நடுவே எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதை அதே அக்கறையோடு பார்ப்பதில்லை. வெற்றிலை பாக்கு மாற்றிய கையோடு, "நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது" என்று கூறிவிடுகின்றனர். எங்கள் வீட்டிலேயே இக்கேள்வி எழுந்தமையால், என் எண்ணங்கள் சிலவற்றை நண்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

இந்த இடைவெளிக்கு அளவு சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. களவு ஒழுக்கம் இரண்டு திங்களுக்குள் மணத்தில் முடிய வேண்டும் என்பது இறையனார் அகப்பொருள் காட்டும் நெறி. கிறித்தவ ஆலயங்களில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை வாசிக்கும் வழக்கம் உண்டு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், அறிவிப்புக் கொடுத்தபின் 30 நாள் காத்திருக்கச் சொல்கிறது. மூன்று மாதத்திற்குள் மணம் நடவாவிடில் அந்த அறிவிப்பே காலாவதியாகிவிடும். காத்திருக்கவும் வேண்டும், அந்தக் காத்திருப்புக்கு ஒரு முடிவும் வேண்டும் என்பதைத்தானே இவை காட்டுகின்றன?

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. கார்த்திகையில் எனக்கு நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளை ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். மார்கழி ஆகாது, தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்திலேயே முடித்துவிடலாம் என்றனர் அவர் வீட்டார். மண்டபம் கிடைப்பது, மாப்பிள்ளையின் விடுப்பு, அவருடைய பாட்டியின் உடல்நிலை என எல்லாவற்றையும் கணக்கில் கொண்டனர். ஏப்ரலில் வரவிருந்த என் ஆறாம் பருவத் தேர்வு மட்டும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

"கல்யாணம் ஆனபிறகு வந்து எழுதட்டுமே" என்றார் மாப்பிள்ளையின் தாயார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆயினும் என் வகுப்புத் தோழியர் இருவரை நான் நினைத்துக்கொண்டேன். இரண்டாமாண்டில் புதுத் தாலியோடு வகுப்புக்கு வந்தவர்கள், மூன்றாமாண்டில் வரவே இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர்கள் சில நாள் இருந்தன. பிறகு அவையும் இல்லை.

அப்பா தயங்கினார். அவர் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. உறவில் ஓர் அக்காவுக்கு நிச்சயமாகி, வெளிநாடு சென்ற மாப்பிள்ளைக்காக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணிமணி, பலகாரம் என்று சீர் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தச் சம்பந்தமே முறிந்தது. வெளிநாட்டில் இருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, "பெண்ணிடம் என்ன குறை?" என்றுதான் ஊர் கேட்டது. நாள் நீண்டால் வாய் நீளும் என்று அப்பா அஞ்சியது அதனால்தான்.

நான் தாய்மாமனிடம் சென்றேன். "மாமா, மூணு வருசம் படிச்சாச்சு. இன்னும் அஞ்சு மாசம் பொறுக்கச் சொல்லுங்க, வைகாசியில எந்த நாள் வெச்சாலும் சரி" என்றேன். மாமா விரல் விட்டு எண்ணினார். தையில் என்றால் வட்டிக்கு வாங்க வேண்டும். மரவள்ளிக் கிழங்குப் பணம் வந்து, மாசி பங்குனியில் புளி உலுக்கி விற்றால் பாதிச் செலவு கையிலேயே இருக்கும். ஆனியைத் தாண்டினால் ஆடி குறுக்கிடும், பிறகு ஆவணிதான். "வைகாசிதான் சரி, பாப்பா" என்று கூறி, மறுநாளே சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டார். தேதி குறித்து எழுதி வாங்கிக்கொண்டே திரும்பினார்.

அந்த இடைவெளி வேறொரு நன்மையும் செய்தது. திருமணத்திற்குப் பின் பி.எட். படிக்கலாமா என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். உடனே விடை வரவில்லை. மூன்றாம் வாரம், தம் பெற்றோரிடம் பேசிவிட்டதாகவும் படிக்கலாம் என்றும் சொன்னார். மேளச் சத்தத்திற்கு நடுவே இக்கேள்வியை நான் கேட்டிருக்க முடியுமா?

பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21 வயது எனக் குறைந்த அளவை உயர்த்தியது 1978ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம். அந்த வயது வந்தவுடன் மணம் முடித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பெண்கள் படிப்பதை ஊக்குவிக்க 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2022இல் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. தாலிக்கென்று இருந்த உதவி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாயாயிற்று. அரசே கணக்கை மாற்றி எழுதியபின் நம் வீடுகள் பழைய கணக்கையே பார்க்கலாமா?

எத்தனை நாள் என்பதற்கு எல்லார்க்கும் பொதுவான விடை இல்லை. நடுவே முடிக்க வேண்டிய வேலை எது என்று முதலில் பெயர் சொல்ல வேண்டும். அது முடியும் நாளை ஒட்டி முகூர்த்தம் குறிக்க வேண்டும். குறித்த நாளை இரு வீட்டாரும் மாற்றாதிருக்க வேண்டும். வேலையில்லாத காத்திருப்பு வம்புக்கு இடம். வேலை முடியுமுன் வரும் அவசரம் பட்டத்திற்கு நட்டம்.

தோழியரே, உங்கள் வீட்டில் நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தை எடுக்கும்போது, அதன் பக்கத்தில் தேர்வுக் கால அட்டவணையையும் வையுங்கள். நண்பர்களே, உங்கள் தங்கைக்கு நாள் பார்க்கும்போது அந்த அட்டவணையை நீங்களே எடுத்து வையுங்கள்.