அத்தையும் ஆடும் கப்பலும்

கும்பகோணத்துக்காரர்களுக்கு ராத்திரிப் பொழுதுபோக்கைப் பற்றி வெளியூரார் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளின் 'தாரா சசாங்கம்' பார்ப்பதற்காக, பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் ரயிலேறி வந்த ஊர் இது. அந்த ரயிலுக்கே 'பாலாமணி ஸ்பெஷல்' என்று பெயர் வந்துவிட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அக்கம்பக்கத்திலும் குறைவில்லை. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி விடிய விடியப் பாகவத மேளா. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை எடுத்தால் கேட்டவர்கள் வீட்டை மறந்தார்கள் என்பது எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் எல்லோரும் சத்தியம் செய்து சொல்லும் விஷயம்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனைப் பார்த்து எங்கள் ஆசிரியர், "உல்லாசக் கப்பல்களில் சாயங்காலத்துக்கு மேல் என்னதான் நடக்கிறது? போய்ப் பார்த்து எழுதும்" என்றார். டிக்கெட்டுக்குப் பணம்? அதை மட்டும் அவர் சொல்லவில்லை. தெய்வாதீனமாக, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் குடும்பத்தோடு மூன்று இரவுக் கப்பல் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்து, கும்பகோணத்திலிருந்து தன் தாயாரை அழைத்து வர ஓர் ஆள் தேடிக் கொண்டிருந்தான். அந்த ஆள் நானானேன்.

சிங்கப்பூரில் புறப்பட்டு, பினாங்கு போய், மறுபடி சிங்கப்பூர். கப்பலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள். இகழ்ந்தால் அவர்கள் வக்கீல் வைப்பார்கள்.

பினாங்கு என்றதும் நான் வேறு ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அத்தை அந்தக் கடலுக்குப் புதியவர் அல்ல. மாமா பினாங்கில் பாத்திரக் கடை வைத்திருந்தார். 1977-ல் கைக்குழந்தையோடு நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' கப்பல் ஏறிப் போனவர் அத்தை. அந்தத் தடத்துக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1926-ல் கட்டிய 'ரஜூலா' என்ற கப்பல் ஏறக்குறைய ஐம்பது வருஷம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்து கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான டெக் பாசஞ்சர்கள் அதில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு வந்தது 'சிதம்பரம்'. நாகையில் துறைமுகம் ஆழமில்லாததால் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏணி பிடித்து ஏற வேண்டும். 1985 பிப்ரவரியில் 'சிதம்பர'த்தில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணிக் கப்பல் போக்குவரத்தே முடிந்து போயிற்று.

ஆகவே கட்டுரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் டெக்கில் நிலா வெளிச்சத்தில் பஜனை, ஆர்மோனியம், ஊர்க் கதை. இந்தக் காலத்தில் வாடகை ஆட்டம், மின்சார விளக்கு. இரண்டு பத்தி ஏக்கம், ஒரு பத்தி கிண்டல். விமானத்திலேயே அத்தையிடம் ஆரம்பித்தேன்.

"அத்தை, அந்தக் கப்பல்ல ராத்திரியில எல்லாரும் சேர்ந்து பாடுவீங்களாமே?"

"பாட்டா? நாகப்பட்டினம் கரை மறைஞ்சதும் வாந்தி எடுக்க ஆரம்பிச்சேன் தம்பி. மூணு நாள். பாட்டாவது கூத்தாவது."

"அப்புறம்?"

"அப்புறம் படம் போட்டாங்க. சிவாஜி படம். உங்க மாமா போனாரு. டிரங்குப் பெட்டியை யார் பாத்துக்கிறது, பிள்ளையை யார் பாத்துக்கிறது? நான் படுக்கையிலேயே உக்காந்திருந்தேன். வசனம் மட்டும் பாதி காதுல விழுந்திச்சு."

கட்டுரையின் முதல் இரண்டு பத்தி அங்கேயே கடலில் விழுந்தது.

கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். ஏறியதும் கைப்பேசியில் ஒரு நிகழ்ச்சி நிரல் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் இதைக் காகிதத்தில் அச்சடித்து அறைக் கதவுக்கடியில் தள்ளுவார்களாம். மாலை ஐந்து மணிக்கு நடனப் பாடம், ஐந்தரைக்குத் தம்போலா, ஆறரைக்குப் பிலிப்பைன்ஸ் வாத்தியக் குழு, ஏழுக்கும் ஒன்பதுக்கும் நாடக அரங்கில் பெரிய நிகழ்ச்சி, பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஆட்டம், நடுவே எந்நேரமும் பியானோ. கும்பகோணம் மகாமகத்தில்கூட இத்தனை இடத்தில் ஒரே சமயத்தில் கூட்டம் கூட்டமாட்டார்கள்.

இதில் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியை ஏன் இரண்டு தடவை நடத்துகிறார்கள்? சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடம் இல்லை. பாதிப்பேர் முதல் பந்தி, பாதிப்பேர் இரண்டாம் பந்தி. முதல் பந்தி சாப்பிடும்போது இரண்டாம் பந்தி ஆட்டம் பார்க்கும். பிறகு இடம் மாறும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் இந்த ஞானம் இல்லாததால்தான் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் அடுத்தவன் நிற்கிறான்.

நிகழ்ச்சி முக்கால் மணிக்கு மேல் போவதில்லை. மணிக்கணக்காக ராக ஆலாபனை கேட்டு வளர்ந்த எனக்கு இது என்னவோ சுண்டல் வாங்கிக்கொண்டு கோயிலை விட்டு வருவது போல இருந்தது. காரணம் கலை அல்ல, கணக்கு. அரங்குக்கு டிக்கெட் கிடையாது. பிரயாணக் கட்டணத்திலேயே அது சேர்த்தி. கப்பல்காரருக்கு மேற்கொண்டு பணம் வருவது மதுக்கடையிலும் சூதாட்டக் கூடத்திலும் விற்பனைக் கடைகளிலும்தான். ஜனங்களை மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் அங்கெல்லாம் யார் போவது? அரங்கிலிருந்து வெளியே வரும் வழி சூதாட்டக் கூடத்தின் வாசலை உரசிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கப்பலைக் கட்டியவர் எங்கள் ஊர்க்காரரோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

சூதாட்டம் என்றதும் நம் நாட்டு விஷயம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் முதல்வர் ஸ்டாலின் கொடியசைக்கப் புறப்பட்டது. விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரிக்கு வந்தபோது, சூதாட்டம் முதலியவற்றைச் சொல்லி எதிர்ப்புக் கிளம்பி, அனுமதி கிடைக்காமல் திரும்பியது. கடலில் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் தாண்டினால் நாட்டு எல்லை முடிகிறது. அதனால்தான் கப்பல்களில் அந்தக் கூடத்தின் கதவு, புறப்பட்டுச் சில மணி நேரம் ஆன பிறகே திறக்கிறது. தர்மத்துக்கும் பன்னிரண்டு மைல் எல்லை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதல் இரவு நிகழ்ச்சி: சீனக் கழைக்கூத்தாடிகள், ஒரு மந்திரவாதி, இடையிடையே நடனம். கழைக்கூத்தாடிகள் அபாரம். கப்பல் லேசாக அசைந்தால்கூட ஆளைத் தலைக்கு மேல் தூக்கும் வித்தைகளைக் குறைத்துவிடுவார்களாம். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் மீன் துடுப்பு மாதிரி தகடுகள் நீட்டிக்கொண்டு ஆட்டத்தை அடக்குகின்றன; மலாக்கா ஜலசந்தியும் சாது. அதனால் அன்றைக்கு எல்லாம் நடந்தது. மந்திரவாதி சுமார். நடனக்காரர்கள் பல தேசத்துப் பிள்ளைகள். மாதக்கணக்கில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதே சிரிப்பை இரவுக்கு இரண்டு தடவை சிரிக்கிறார்கள். பாட்டுக்கு வாத்தியக்காரர் யாரும் இல்லை. எல்லாம் முன்பே பதிவு செய்தது. வாயசைப்பும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். இது தரத்தில் குறைவு என்றே நான் சொல்வேன். 1912-ல் மூழ்கிய 'டைட்டானிக்'கில்கூட எட்டு வாத்தியக்காரர்கள் இருந்தார்கள்.

இன்னொரு குறை. கப்பலில் தமிழ் முகங்கள் நூறாவது இருக்கும். ஆங்கிலப் பாட்டு, சீனப் பாட்டு, ஹிந்திப் பாட்டு எல்லாம் வந்தன. பிலிப்பைன்ஸ் குழுவிடம் போய் ஒரு தமிழ்ப் பாட்டுக் கேட்டேன். அந்தப் பாடகி சிரித்துக்கொண்டே தன் கைப்பேசியைப் பார்த்து, இளையராஜா பாட்டு ஒன்றைப் பாதி பாடினாள். ழகரம் மட்டும் படாதபாடு பட்டது. ஆனாலும் பக்கத்து மேஜையில் ஒரு கிழவர் எழுந்து நின்று கை தட்டினார்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு அத்தையைப் பார்த்தால், அத்தையைக் காணோம். ஏழு மணி ஆட்டம் பார்த்தவர், சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணி ஆட்டத்துக்கும் போய் உட்கார்ந்திருந்தார்.

"அதே ஆட்டம்தானே அத்தை?"

"அதனால என்ன? ரெண்டாவது தடவை அந்தப் பொண்ணு எங்க கால் வைக்கிறான்னு பாக்கலாம்ல."

மறுநாள் பினாங்கு. கப்பல்துறையிலிருந்து மார்க்கெட் தெருவுக்கு நடக்கும் தூரம்தான். மாமா கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அத்தை இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார். "வெயில் அப்படியேதான் இருக்கு" என்றார். திரும்பிவிட்டோம்.

அன்று மாலைதான் விஷயம் வெடித்தது. ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு அத்தை மகனும் அவன் மனைவியும் போவதாக ஏற்பாடு. மூன்று வயதுப் பேத்திக்குக் காய்ச்சல் போல இருந்ததால், குழந்தைகளுக்கென்று கப்பலில் இருக்கும் விளையாட்டு அறையில் விட முடியாது.

"அம்மா, நீங்க ஏழு மணிக்கே பாத்துட்டு வந்துருங்க. அப்புறம் பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கிட்டீங்கன்னா..." என்றான் மகன். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எந்த வீட்டிலும் கேட்பதுதான்.

அத்தை தலையை வாரிக்கொண்டே, "முடியாதுப்பா" என்றார்.

அறையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அத்தை வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை.

"இந்தக் கையால எத்தனை பிள்ளை வளத்திருக்கேன், கணக்கு சொல்லட்டுமா? உன் கல்யாணத்துல நாயனம் யாரு வாசிச்சான்னு எனக்குத் தெரியும், முகம் தெரியாது. அடுப்படியில நின்னுகிட்டிருந்தேன். கோயில் திருவிழான்னா, சாமி புறப்பாடு நம்ம வாசலுக்கு வர்ற நேரத்துல யாராவது ஒருத்தர் காப்பி கேப்பீங்க. ஒரு ஆட்டத்தை, ஒரு பாட்டை, ஆரம்பத்திலேர்ந்து முடிவு வரைக்கும் யாரும் கூப்பிடாம பாத்தது நேத்து ராத்திரிதான். எழுபத்திரண்டு வயசு ஆகுது. இன்னிக்கும் ரெண்டு ஆட்டமும் பாப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் பாக்கிச் சர்க்கரை கேட்பது போலச் சொன்னார். மருமகள்தான் முதலில் எழுந்தாள். "நான் இருக்கேன் அத்தை, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். மகன், "இல்லை, நான் இருக்கேன்" என்றான். கடைசியில் நான் இருந்தேன். நிகழ்ச்சியைப் பார்த்து எழுதத்தான் வந்தவன் நான். ஆனால் அந்த அறையில் கடந்த முப்பத்தைந்து வருஷமாக அத்தை கையால் காப்பி வாங்கிக் குடித்தவர்களின் பட்டியலில் என் பெயரும் முன்வரிசையில் இருந்தது.

ஆகவே இரண்டாம் இரவு நிகழ்ச்சியைப் பற்றி நான் எழுதுவது கேள்வி ஞானம். பேத்தி பத்து மணிவரை தூங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கதையை நாலு தடவை சொன்னேன். சுவருக்கு அப்பால் எங்கேயோ மேளச் சத்தம் பாதி காதில் விழுந்தது.

அத்தை பத்தேகாலுக்கு வந்து வரிசையாகச் சொன்னார். திரை எந்த வர்ணம், எத்தனை பேர் ஆடினார்கள், எந்தப் பெண்ணுக்கு முதல் ஆட்டத்தில் செருப்பு வார் அறுந்து இரண்டாம் ஆட்டத்தில் புதுச் செருப்பு வந்தது, மந்திரவாதி புறாவை எந்தப் பையில் வைத்திருக்கிறான் எல்லாம். "பாட்டு நேரில் பாடியதா, பதிவு செய்ததா?" என்று கேட்டேன். "பதிவுதான். மூச்சு வாங்க ஆடுறவ குரல் அப்படி இருக்காது. ஆனா ஆட்டம் நிஜம்" என்றார். எனக்குத் தெரிந்த விமர்சகர்கள் பலர் இத்தனை கவனமாகப் பார்ப்பதில்லை.

உலகத்தில் இதைவிடப் பெரிய கப்பல்கள் உண்டு என்று அவருக்குச் சொன்னேன். 1999-ல் வந்த 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' கப்பலில் பனிச்சறுக்குத் தரை போட்டு அதில் ஆட்டம் நடத்தினார்கள். 2004-ல் வந்த 'குயின் மேரி 2'-ல் நட்சத்திரங்களைக் காட்டும் கோளரங்கமே இருக்கிறது. 2009-ல் வந்த 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்'-ல் குளத்தில் குதித்து வித்தை காட்டும் அரங்கு ஒன்று. இன்னோர் அரங்கில் நியூயார்க்கில் ஓடிய 'ஹேர்ஸ்பிரே' என்ற முழு இசை நாடகம் முன்பு நடந்தது. அத்தைக்குப் பனிச்சறுக்கு பிடித்துவிட்டது. "தண்ணி மேல கப்பல், கப்பல் மேல ஐஸு, ஐஸு மேல ஆட்டமா!" என்று இரண்டு தடவை சொன்னார். கோளரங்கத்தை ஒதுக்கிவிட்டார். "நட்சத்திரம் நம்ம மொட்டை மாடியிலேயே இருக்கு. போர்வை எடுத்துட்டுப் போனாப் போதும்."

மூன்றாம் இரவு குழந்தைக்கு உடம்பு சரியாகிவிட்டது. எல்லோரும் போனோம். தம்போலாவில் அத்தைக்குக் கீழ் வரிசை விழுந்து ஒரு தண்ணீர்க் குவளை பரிசு கிடைத்தது. பாத்திரக்கடைக்காரர் மனைவி அல்லவா, தட்டிப் பார்த்து "கனம் பத்தாது" என்றார்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்துக் காப்பி கொண்டுவந்து கொடுத்தபடி, "ஏன் தம்பி, நம்ம நாகப்பட்டினத்துலேர்ந்து இப்ப கப்பல் விடுறாங்களாமே?" என்று கேட்டார். விவரம் சொன்னேன்: 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கு ஆரம்பித்தது, நடுவில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள், காலையில் ஏறினால் நாலு மணி நேரத்தில் இலங்கை.

"சாயங்காலம் ஒண்ணும் கிடையாதா?"

"பகல் கப்பல் அத்தை. சாயங்காலத்துக்குள்ள கரைக்கு வந்துரும்."

"அப்ப வேண்டாம்" என்று தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.