இது என்ன எழுத்து?

1994-இல் தூத்துக்குடி மாவட்டத்து ஏரலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வந்த முதல் வாரம், மாமி அஸர் தொழுதுவிட்டு ஒரு பழைய கிதாபை மடியில் விரித்து ராகம் இழுத்துப் படிக்க ஆரம்பித்தார். பக்கம் முழுக்க அறபு எழுத்து. காதில் விழுந்ததோ தமிழ். அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். புதுப்பெண்ணுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்றார்கள். நான் அழுதது வாப்பாவின் கொப்பிக்காக.

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத்தெருக்காரர்கள். வாப்பா தமிழாசிரியர். வெள்ளைச்சட்டை, குடை, சைக்கிள். சம்பளத்தில் பாதி பழைய புத்தகங்களுக்குப் போகும், அதற்காக உம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் எங்கள் யாழ்ப்பாணத்தவர் என்பதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். வீடு வீடாகப் போய், பரணில் கிடக்கும் அறபுத்தமிழ் ஏடுகளைக் கேட்டு வாங்கிப் படியெடுப்பார். அறபு எழுத்தில் இல்லாத ங, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி, தமிழை அப்படியே எழுதிவைத்த எழுத்து அது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து இலங்கைக்கும் வந்துபோன மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் நூல்கள் செய்தவர். தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றில் வலப்பக்கம் அறபுத்தமிழ், இடப்பக்கம் அதையே தமிழ் எழுத்தில் என்று வாப்பா ஒன்பது வருடம் எழுதினார்.

1981 ஜூன் 1-இல் யாழ் நூலகம் எரிந்து 97,000 புத்தகங்கள் சாம்பலானபோது எனக்கு எட்டு வயது. வாப்பா அன்று சாப்பிடவில்லை. அவர் குறிப்பெடுத்த நூல்களும் அங்கேதான் இருந்தன. அந்த வாரம்தான் அந்தக் கொப்பியைத் தொடங்கினார்.

1990 அக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. காலையில் விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கி வந்தது. ஒஸ்மானியா கல்லூரிப் பக்கத்து மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். போனவர்களிடம், இரண்டு மணி நேரத்துக்குள் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். காரணம் கேட்டவருக்குத் துப்பாக்கிதான் பதில். காட்டிக்கொடுப்பவர்கள் என்ற சந்தேகத்தை ஒரு சமூகத்தின் தலையிலேயே வைத்துக் கட்டினார்கள். பக்கத்துத் தெருத் தமிழ்ச் சனம் சிலர் ஓடிவந்து உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

ஐந்துசந்தியில் சோதனை. ஆளுக்கு 150 ரூபாய்தான் கொண்டுபோகலாம். என் காதுத்தோட்டைக் கழற்றினார்கள். வாப்பாவின் பையைச் சோதித்த பையனை எனக்கே தெரியும். வாப்பாவிடம் ஆறாம் வகுப்பில் படித்தவன். நிமிர்ந்து பார்க்கவில்லை. கொப்பியைப் புரட்டினான்.

“இது என்ன எழுத்து, சேர்?”

“தமிழ்தான் தம்பி. எழுத்துத்தான் அறபு. பக்கத்திலே பார், தமிழிலும் எழுதியிருக்கிறேன்.”

அவனால் முடிவெடுக்க முடியவில்லை. பெரியவன் ஒருவனைக் கூப்பிட்டான். அவன் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரகசியக் குறிப்பு” என்றான். நகைகள் கிடந்த சாக்கில் அது விழவில்லை, தனியாக ஒரு மேசைக்குக் கீழே போட்டார்கள். வாப்பா அசையாமல் நின்றார். பையன் மெதுவாக, “போங்கோ சேர்” என்றான். இன்றும் எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் முழுதாக வருவதில்லை. படித்த கையால் இதைச் செய்தானே என்ற ஆற்றாமை மட்டும் போகவில்லை.

வடமாகாணம் முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். நடந்தும் லொறியிலும் வவுனியா, பிறகு புத்தளம். அங்கே ஓலைக் கொட்டிலில் வாப்பா பிள்ளைகளைக் கூட்டி மணலில் விரலால் எழுதித் தமிழ் சொல்லிக்கொடுத்தார். நினைவிலிருந்து கொப்பியைத் திரும்ப எழுதப் பார்த்தார். நாற்பது பக்கம் வந்தது. அதற்குமேல் வரவில்லை. 1997-இல் புத்தளத்திலேயே மௌத்தானார்.

2020 மே மாதம் பேப்பரில் அஹ்னாப் ஜஸீம் என்ற பெயரைப் படித்தேன். மன்னார் சிலாவத்துறைப் பக்கத்துப் பையன், தமிழாசிரியர், கவிஞர், வயது இருபத்தைந்து சொச்சம். ‘நவரசம்’ என்ற அவர் கவிதைப் புத்தகம் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துப்போனார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம் என்றாலே சந்தேகம் என்று ஆகியிருந்த காலம். புத்தகத்தில் இருந்ததோ வன்முறைக்கு எதிரான கவிதைகள். தமிழ் படிக்கத் தெரியாத விசாரணையாளர்கள் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கவிஞனை ஒன்றரை வருடத்துக்குமேல் அடைத்துவைத்தார்கள். சிலாவத்துறை முத்துக்குளிப்புத் துறை. எங்கள் ஏரலுக்குப் பக்கத்துக் கொற்கையும் அப்படித்தான். நடுவில் ஒரே கடல். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஐந்துசந்தியின் மேசை தெரிந்தது. அன்று தமிழன் அறபு எழுத்தைப் பார்த்துப் பயந்தான். இன்று சிங்கள அதிகாரி தமிழ் எழுத்தைப் பார்த்துப் பயந்தார். படிக்கத் தெரியாதவர் நீதிபதியாகிவிட்டால் எழுதினவர் குற்றவாளிதான்.

2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பர் 12-இல் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வாப்பா அடங்கிய புத்தளம். அன்று மாமிக்குச் செய்தியைப் படித்துக் காட்டினேன். “அந்தப் புள்ளையப் பெத்தவ இனிமேதாம்மா தூங்குவா” என்றார்.

அதற்கு ஐந்தாம் நாள் மழை தொடங்கியது. தாமிரபரணி ஏரலுக்குள் வந்துவிட்டது. பாலம் போய், கரண்டு போய், மாடியில் இரண்டு இரவு இருந்தோம். தண்ணீர் வடிந்தபின் மாமியின் மரப்பெட்டியைத் திறந்தால் கிதாபுகள் களியாகிக் கிடந்தன. ஒவ்வோர் ஏடாகப் பிரித்து மொட்டைமாடியில் காயவைத்தோம். மூன்றில் ஒன்று மிஞ்சியது. இப்போது நான் மாமியைப் படிக்கச் சொல்லி, கேட்டுக்கேட்டு, ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். மாமிக்கு எண்பத்தொன்று.

காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ மேலப்பாளையத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஓர் ஏடு இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதி எடுங்கள்.