பாயும் பதிவேடும்

வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மட்டக்களப்பாரைப் பற்றிப் பிறவூரார் சொல்வதுண்டு. மந்திரம் என்று அஞ்சிச் சொன்னவரும் உளர். விருந்தோம்பலின் சிறப்பென்று மெச்சியவரும் உளர். வாவிக்கரை நகரில் இன்று அந்தப் பாய்க்குக் காசு கொடுக்க வேண்டும். காசு கொடுத்தாலும் எல்லோருக்கும் அது எளிதிற் கிடைப்பதில்லை என்பதையே நாம் இங்கு சொல்ல வந்தோம்.

சென்ற ஆண்டு எமது மாணவன் ஒருவன் நகர ஆசுபத்திரியில் படுத்திருந்தான். அவனைப் பார்க்கப் படுவான்கரையிலிருந்து பாட்டனார் வந்திருந்தார். வயலை நம்பி வாழ்பவர். பார்வை நேரம் முடிந்தபோது ஊருக்குச் செல்லும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மலிவான விடுதி ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றோம்.

மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் முதியவரின் அடையாள அட்டையை முன்னும் பின்னும் புரட்டினார். எதற்காக வந்தீர்? எத்தனை நாள்? நகரத்தில் உம்மைத் தெரிந்தவர் யார்? வினாக்கள் நீண்டன. இறுதியில் "அறை இல்லை" என்றார். அவ்வேளை முதுகுப் பைகளுடன் வந்த வெளிநாட்டார் இருவருக்கோ, கடவுச்சீட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு திறப்பைக் கொடுத்தார்.

"விடுங்க சேர், நான் ஆசுபத்திரி வாசல்ல கிடப்பன்" என்றார் முதியவர். நாம் அசையவில்லை. எமது ஆசிரிய அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தோம். "முதலே சொல்லியிருக்கலாமே, சேர்" என்று இளைஞர் எழுந்து நின்றார். இல்லாத அறை உடனே உண்டாயிற்று.

மறுப்பைவிட அந்தச் சலுகைதான் எம்மைச் சுட்டது. எழுபது ஆண்டு நெல் விளைவித்த மனிதருக்கு இல்லாத அறை எமது உத்தியோகத்துக்கு இருந்தது.

இளைஞரை வைதுவிட்டுப் போவது எளிது. அவரும் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர். முதலாளியின் அச்சமே அவர் வாயில் வினாவாகிறது. அவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. போர்க்காலத்தில் விடுதிப் பதிவேடு பொலிசாருக்காகவும் எழுதப்பட்டது. 2007 யூன் 7 ஆம் திகதி, கொழும்பின் மலிவு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், தலைநகரில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லையென்று பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்காட, மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்தது. பின்னர் பிரதமர் வருத்தமும் தெரிவித்தார்.

நாட்டினுள் நடமாடவும் வதிவிடத்தைத் தெரிந்துகொள்ளவும் குடிமகனுக்குச் சுதந்திரம் உண்டு என்கிறது 1978 அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை. 2009 இல் போர் முடிந்தது, "எதற்காக வந்தாய்?" என்ற வினா முடியவில்லை. அன்று இனத்தைப் பார்த்து அது கேட்கப்பட்டது. இன்று சாரத்தையும் வெடித்த பாதத்தையும் பார்த்துத் தமிழனே தமிழனிடம் கேட்கிறான்.

பதிவேட்டுக்கு வேண்டிய விவரங்கள் எவரிடமும் ஒரேமாதிரி கேட்கப்படட்டும். கட்டணம் எல்லோரும் காணச் சுவரில் மாட்டப்படட்டும். நோயாளரைப் பார்க்க வாவி கடந்து வரும் ஏழைகளுக்கு ஆசுபத்திரி அருகே தங்குமடங்கள் பெருக மாநகர சபை முன்னிற்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே, குடியியற் பாடத்தில் அந்த உறுப்புரையைப் படிப்பிக்கும்போது மாணவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். தம் ஊரில் இரவு தங்க இடம் கேட்பவரிடம் என்னென்ன கேட்கிறார்கள், எவரிடம் எதுவுமே கேட்பதில்லை என்று விசாரித்து எழுதிவரட்டும். அந்த விடைத்தாள்களோடு சபையின் வாசலுக்குப் போவோம்.