ஐம்பது டாலர் ஜீப்பைத் தேடி

அமெரிக்காவில் பழைய ஜீப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கதை வந்தே தீரும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, மரப்பெட்டியில் அடைத்த புத்தம்புது ஜீப்பை அரசாங்கம் ஐம்பது டாலருக்கு விற்றதாம். உடம்பெல்லாம் கிரீஸ் பூசி, சக்கரங்கள் தனியாக, கருவிப்பை தனியாக. சொல்பவர் வாங்கியிருக்க மாட்டார். அவருடைய சித்தப்பாவோ, பக்கத்துப் பண்ணைக்காரரோ வாங்கியிருப்பார். இந்தக் கதை எங்கே பிறந்தது என்று பார்த்துவிடலாம் எனக் கிளம்பினேன்.

பெட்டி உண்மைதான். 1940 செப்டம்பரில் பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் ஊரின் பான்டம் என்ற சின்னக் கம்பெனி முதல் மாதிரி வண்டியை ராணுவத்திடம் ஒப்படைத்தது. பெரிய ஆர்டர்களோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமாகச் செய்து தள்ளின. அத்தனையையும் கடல் தாண்டி அனுப்பக் கப்பலில் இடம் வேண்டுமே! சக்கரங்களைக் கழற்றி, முன் கண்ணாடிச் சட்டத்தை மடக்கிப் பெட்டிக்குள் வைத்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் படைவீரர்களே பலகைகளைப் பெயர்த்து வண்டியைப் பூட்டினார்கள். அப்படி எடுத்த படங்கள் ஏராளம். ஆக, பெட்டியைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பார்த்தது வெளிநாட்டில், பார்த்தவர்கள் சிப்பாய்கள்.

விலைக்கு வருவோம். 1941இல் வில்லிஸ் ஒப்பந்தப்படி ஒரு வண்டிக்கு ராணுவம் கொடுத்தது ஏறக்குறைய 740 டாலர். போர் முடிந்ததும் உபரிச் சாமான்களை விற்கத் தனி அரசு அமைப்பே ஏற்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமையும் தந்தார்கள். ஆனால் விற்பனைக்கு வந்தவை பெரும்பாலும் முகாம்களில் ஓடித் தேய்ந்த வண்டிகள். அவற்றுக்கே சில நூறு டாலர் ஆயிற்று. கடல் கடந்து போனவற்றில் பல திரும்பவே இல்லை. பிலிப்பைன்ஸில் விட்டுவந்தவற்றை அந்த ஊர்க்காரர்கள் நீட்டி, கூரை போட்டு, ஜீப்னி என்ற பயணிகள் வண்டியாக்கிவிட்டார்கள்.

அப்படியானால் ஐம்பது டாலர்?

விடை பழைய பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் கிடந்தது. கைவினைப் பத்திரிகைகளிலும் காமிக்ஸ் புத்தகங்களிலும் பல்லாண்டுகள் வந்த பொடி எழுத்து விளம்பரங்கள்: அரசு உபரி ஜீப், சொற்ப விலை. 1980களில் அது 44 டாலருக்குக்கூட இறங்கியிருந்தது. பணம் கட்டிய பையனுக்கு ஜீப் வராது, ஒரு கையேடு வரும். அரசு ஏலங்கள் எங்கே நடக்கும், யாருக்கு எழுத வேண்டும் என்ற முகவரிகள் அதில் இருக்கும். சட்டத்துக்குச் சிக்காத கெட்டிக்கார வியாபாரம்! கதையில் வரும் சித்தப்பாக்கள் அநேகமாக இந்தப் பையன்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஏலத்துக்குப் போனவர்களுக்கும் ஏமாற்றம் காத்திருந்தது. வில்லிஸ் ரகத்துக்குப் பின்னால் வந்த எம்-151 ராணுவ வண்டி, வேகமாகத் திருப்பினால் கவிழும் என்று பெயரெடுத்தது. பொதுச்சாலைக்கு ஆகாது என்று அவற்றில் பெரும்பாலானவற்றைத் துண்டு துண்டாக வெட்டிய பிறகே இரும்புக்கு விற்றார்கள். ஐம்பது டாலருக்கு ஜீப் கிடைத்திருக்கலாம், முழுசாக அல்ல.

கதைக்கு அத்தாட்சி கேட்காத இதே ஆட்கள் வண்டி என்று வந்துவிட்டால் வக்கீலாக மாறிவிடுவார்கள். பட்லரில் 2011இல் தொடங்கிய ஜீப் திருவிழாவின் முதல் ஆண்டு ஊர்வலத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் ஓடின. இந்த மாதிரிக் கூட்டங்களில் பழைய சாமான் கடைகள்தான் எனக்குச் சுவாரசியம். 1944இல் ராணுவம் அச்சிட்ட டி.எம். 9-803 பராமரிப்பு நூல், டாஷ்போர்டில் அடிக்கும் தகடுகள், மெழுகுத்தாள் பிரிக்காத உதிரிபாகங்கள் என்று தேடித்தேடி வாங்குகிறார்கள். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலைகள் உட்பட, எஃப் எழுத்தைப் பொறித்தது. ஃபோர்டு ஜீப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவர் அந்த எழுத்துள்ள போல்ட்டுகளுக்காகவே டப்பா டப்பாவாகக் கிளறுவார். வில்லிஸ் சொந்தக்காரர் அதே போல்ட்டைத் தொடவும் மாட்டார்.

தகடுகளில் போலிகள் தாராளமாகப் புழங்குவதால், விவரமறிந்தவர்கள் டாஷ்போர்டை நம்புவதில்லை. முன்பக்கம் குனிந்து, ரேடியேட்டருக்குக் கீழே குறுக்குச் சட்டத்தைப் பார்ப்பார்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்துப் போட்ட ‘ப’ மாதிரி இருந்தால் ஃபோர்டு. பேரம் அதற்குப் பிறகுதான்.