உயர்வும் தாழ்வும்

1948ஆம் ஆண்டில், கரடுமுரடான நிலத்திற்கென லேண்ட் ரோவரும் நெடுஞ்சாலை விரைவிற்கென ஜாகுவார் எக்ஸ்கே 120உம் இங்கிலாந்தில் உருவாகி அறிமுகமாயின. தொடக்கத்தில் இரண்டின் மேனியும் அலுமினியக் கலவையே; பணியோ வேறு.

ஈப்போவில் பட்டறை நடத்துபவர் ஒருவர், பழைய லேண்ட் ரோவர் ஒன்றையும் மாஸ்டா எம்எக்ஸ்-5 விரைவுக் கார் ஒன்றையும் பேணி வந்தார். காட்டுவழிக்காக முன்னதை இரண்டு அங்குலம் உயர்த்தினார். வளைவில் சாயாதிருக்கப் பின்னதை ஓர் அங்குலம் தாழ்த்தினார்.

ஒருநாள், உயர்த்திய வண்டியை மலைச்சாலையில் விரைந்து செலுத்தினார். வளைவில் அது கவிழாமல் தப்பியது அரிது. எடைமையம் உயர்ந்தால் சாய்வும் மிகும் என்பதைக் கை அறிந்திருந்தும் மனம் மறந்துவிட்டது.

“அண்ணனைப்போல் நீ ஏன் இல்லை?” என இளைய மகனைக் கடிந்தது அன்றிரவு அவர் நெஞ்சைத் தைத்தது. மறுநாள் அவனைப் பட்டறைக்கு அழைத்து ஸ்பானரைக் கையில் கொடுத்தார்.

ஓர் அளவுகோலால் இருவரை அளப்பது கற்பிப்போர்க்கும் அழகன்று.